அங்குசத்தின் விலை

கத்தி இருபத்தேழு டாலர்.
அதை என் கைக்குப் பழக்கியதில்
முப்பத்தொன்று போயிற்று.
யானை வாங்கியவர்களைக் கேளுங்கள்,
அங்குசம் என்ன விலை என்று சொல்வார்கள்.

துலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகிவிட்டது, தாதுக் கப்பல்கள் நகரவில்லை.
கிடங்கில் எனக்கு இரவு ஷிப்ட்,
விடிவதற்குள் நானூறு அட்டைப்பெட்டி கிழிக்க வேண்டும்.
நான் இடக்கைக்காரி.
மடக்குக் கத்தியின் கிளிப் வலப்பக்கம்.
இடப்பக்கம் ஒரு துளைகூட இல்லை.
செய்தவர்கள் அந்தப் பக்கத்தை
யோசிக்கவே இல்லை.

தயாராகக் கிடைக்கிறது எல்லாம்.
டைட்டானியப் பிடி தொண்ணூறு,
பித்தளை எழுபது, தபால் செலவு தனி.
கத்தியைவிட அதன் சட்டைக்கு விலை அதிகம்.

முதலில் கழற்றவே முடியவில்லை.
நட்சத்திரக் குழி வைத்த திருகு, ஆறாம் எண்.
ஹால்வர்சன் கடையில்
"பத்துக்குக் கீழே நாங்கள் வைப்பதில்லை" என்றார்,
பள்ளியில் பிள்ளை சேர்க்க வந்தவளிடம் சொல்வதுபோல.
ஐந்தாம் எண்ணால் முயன்றேன்.
நட்சத்திரம் வழுக்கி வட்டமாகப் பார்த்தது.
அவசரக்காரிக்குப் புத்தி மட்டு,
நல்லவேளை, பாதியில் நிறுத்தினேன்.

மாலில், ஊறவைத்த பிரெட்சல் விற்கும் கடைக்குப் பக்கத்தில்
போன் பழுதுபார்க்கும் பா ஞியா.
இழுப்பறையைத் திறந்தாள்:
ஒன்று முதல் பதினைந்து வரை வரிசையாக.
வாடகை கேட்டேன், சொல்லவில்லை.
சூட்டுக்கோலின் நுனியைத் திருகின் தலையில் வைத்தாள்.
நீலப் பசை இளகிற்று.
ஒரு சின்னக் "கிரீச்".
"வியாழனுக்குள் திருப்பிக் கொடு," என்றாள்,
"வியாழன்தான் எனக்கு உடைந்த போன்கள் வரும் நாள்."
வியாழனில் என்ன விசேஷம் என்று
கேட்கத் தோன்றவில்லை.

பிடிக்கு என் பழைய ஜீன்ஸ்.
இருபது துண்டு வெட்டி,
ஆர்வோ தன் கனோவுக்கு அடைத்து மிஞ்சிய
எபாக்ஸியில் தோய்த்து அடுக்கி,
இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து
கட்டில் காலை அதன்மேல் ஏற்றினேன்.
இரண்டு ராத்திரி சரிந்த கட்டிலில் தூக்கம்.

உப்புத்தாளைக் குளியலறைக் கண்ணாடியின்மேல் விரித்துத் தேய்த்தேன்.
தேய்க்கத் தேய்க்க நூல் தெரிந்தது.
வெளுத்த நீலத்தின் நடுவே
ஒரு மூலை மட்டும் கருநீலம்:
பாக்கெட் தைத்திருந்த இடம்,
பதினோரு வருடமாக வெயில் படாதது.

மரை வெட்டும் டேப் நாலு டாலர்.
துளைக்குள்ளேயே முறிந்தது.
இன்னொரு நாலு.
துளைக்கும் ஊசி ஏழு, திருகு ஆறு,
வெண்கல வாஷர் ஐந்து, உப்புத்தாள் ஐந்து.
எள்ளளவு திருகொன்று தரையில் விழுந்து
அடுப்புக்கடியில் ஒளிந்தது.
குளிர்சாதனப் பெட்டியின் மீன் காந்தத்தை
நூலில் கட்டித் தூண்டில் போட்டேன்.
முதலில் சிக்கியது ஒரு கொண்டை ஊசி.
அடுத்து, யாருடையதென்று தெரியாத சாவி.
மூன்றாவது வீச்சில் அது.

புதன் இரவே பா ஞியாவிடம் கொடுத்துவிட்டேன்.
விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள்.
"இடுக்கில் கொஞ்சம் மெழுகு தேய்," என்றாள்.
அவ்வளவுதான் பாராட்டு.

இன்று ஷிப்டில் டுவைட் இரவல் கேட்டான்.
மூன்று பெட்டி கிழித்தான்.
பிறகு பழக்கதோஷம்,
கத்தியைத் தன் வலது பாக்கெட்டில் செருகப் பார்த்தான்.
விரல் கிளிப்பைத் தேடுகிறது,
திருப்பிப் பார்க்கிறான், மறுபடி தேடுகிறான்.
"இதில் ஏதோ கோளாறு, லவோன்."

பதில் சொல்லவில்லை.
நான் முப்பது வருடம் தேடியிருக்கிறேன்,
கத்தரிக்கோலில், டப்பா திறப்பானில், பள்ளி மேசையில்.
இன்னும் ஒரு நிமிடம் தேடட்டும்.